ஓட்டை விழாத ஓட்டு

போன மாதம் வீடு மாற்றினோம். கோத்ருடிலிருந்து வாகடுக்கு. புனே தெரியாதவர்களுக்கு: மாம்பலத்தை விட்டு சோழிங்கநல்லூர் போன மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த மகள், பழைய ஃபோர்ட்ரான் புத்தகம் ஒன்றிலிருந்து நீளமான பழுப்பு அட்டையை உருவி எடுத்தாள். அட்டை முழுக்கச் சின்னச் சின்னதாக நீள்சதுர ஓட்டைகள். "அப்பா, இது என்ன, கரையான் அரிச்சதா?" என்றாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பெண்!

அது என் சித்தப்பாவின் பஞ்ச் கார்டு. எழுபதுகளின் நடுவில் சென்னை ஐஐடியில் எம்.டெக். படித்தவர். 1973-ல் அங்கே ஐபிஎம் 370 வந்து இறங்கியிருந்தது. ஒரு வரி புரோகிராமுக்கு ஒரு அட்டை. இருநூறு வரி என்றால் இருநூறு அட்டை. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தால் மறுநாள் காகிதத்தில் விடை வரும், பெரும்பாலும் "இத்தனாவது வரியில் கமா இல்லை" என்று. மீந்துபோன அட்டைகளைக் கும்பகோணத்துக்குக் கொண்டுவருவார். எங்கள் வீட்டில் பல வருடங்களுக்கு மளிகைக்கடை லிஸ்ட், பால் கணக்கு, வண்ணான் கணக்கு எல்லாம் பஞ்ச் கார்டின் பின்பக்கத்தில்தான். உள்ளூர் மளிகைக்கடைச் செட்டியாருக்கு ஐபிஎம் அட்டையில் துவரம்பருப்பு எழுதிக் கொடுத்த ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இந்த அட்டையால்தான் அமெரிக்காவில் ஒரு ஜனாதிபதியே முடிவானார் என்று மகளிடம் சொன்னேன். நம்பவில்லை. பெட்டிகளை மூடுவதற்குள் கதையை முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே.

அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் பிரிவிலேயே ஒரு தலையெண்ணிக்கை இருக்கிறது. எந்த மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்று பிரிப்பதற்காகப் பத்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வேண்டும். 1790-ல் ஆரம்பித்தார்கள். நாடு பெருத்துக்கொண்டே போனதில், 1880-ம் வருடக் கணக்கைக் கையால் கூட்டி முடிக்க ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது. அடுத்த கணக்கு வந்து கதவைத் தட்டுகிற நேரத்தில் போன கணக்கு முடிகிறது!

அந்த 1880 கணக்கெடுப்பில் வேலை பார்த்த இளைஞர் ஹெர்மன் ஹோலரித். அவருக்குப் பொறி தட்டிய இடங்களில் ஒன்று ரயில். அப்போது கண்டக்டர்கள் டிக்கெட்டின் ஓரத்தில் பயணியின் அடையாளத்தை ஓட்டை போட்டுக் குறிப்பார்களாம். முடி வெளிர் நிறமா, கண் கருப்பா, மூக்கு பெரிசா என்று. ஒருத்தர் டிக்கெட்டை இன்னொருத்தர் வாங்கிக்கொண்டு ஏறக்கூடாது என்பதற்காக. அதையே ஒவ்வொரு குடிமகனுக்கும் செய்தால் என்ன என்று யோசித்தார். ஆளுக்கு ஒரு அட்டை. வயது, பிறந்த இடம், தொழில் எல்லாம் ஓட்டைகள். அட்டையின் மேல் ஊசிகள் இறங்கும். ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போய்ப் பாதரசக் கிண்ணத்தைத் தொடும், மின்சாரம் பாயும், கடிகார முள் மாதிரி ஒன்று ஒரு எண் நகரும். இல்லாவிட்டால் நகராது. 1890 கணக்கை இதில்தான் கூட்டினார்கள். சுமார் 6 கோடியே 26 லட்சம் பேர் என்ற மொத்தத்தைச் சில வாரங்களிலேயே சொல்லிவிட்டார்கள். ஹோலரித்தின் கம்பெனி 1911-ல் வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்து, 1924-ல் ஐபிஎம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1928-ல் வந்த எண்பது பத்தி அட்டைதான் என் சித்தப்பாவிடம் இருந்தது. இன்றைக்கும் புரோகிராம் எழுதுகிறவர்களில் பலர் ஒரு வரி எண்பது எழுத்தைத் தாண்டக்கூடாது என்பார்கள். ஏன் எண்பது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அந்த அட்டையின் நீளம், அவ்வளவுதான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹோலரித் அட்டையில் ஓட்டை போட்டவர்கள் அதையே வேலையாகச் செய்த குமாஸ்தாக்கள். நாள் முழுக்கப் போட்டுக் கை பழகியவர்கள்.

இனி ஓட்டுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவில் ஓட்டுச்சீட்டை அச்சடித்தது அரசாங்கம் இல்லை, கட்சிகள். ஒவ்வொரு கட்சிச் சீட்டும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு அளவு. எல்லோரும் பார்க்க அதை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியில் போட வேண்டும். காசு கொடுத்தவன் ஓரமாக நின்று, தான் வாங்கிய ஓட்டு பெட்டிக்குள் விழுகிறதா என்று சரிபார்த்துக்கொள்வான். அரசே அச்சடித்து, மறைவில் குறிக்கிற சீட்டு ஆஸ்திரேலியாவில் 1856-ல் வந்தது. அமெரிக்காவில் மாநிலம் முழுவதற்கும் முதலில் எடுத்துக்கொண்டது மாசசூசெட்ஸ், 1888-ல். நம்மூரில் இன்று பூத்துக்குள் அட்டை மறைப்பு வைக்கிறோமே, அதற்குக் கொள்ளுத்தாத்தா இதுதான்.

பிறகு நெம்புகோல் வைத்த இரும்பு இயந்திரங்கள் வந்தன, 1892-லிருந்து. பீரோ மாதிரி கனம், விலையும் அதிகம். 1960-களில் பெர்க்லியில் இருந்த ஜோசப் ஹாரிஸ் என்ற அரசியல் பேராசிரியர் ஒரு மலிவான வழி கண்டுபிடித்தார். ஐபிஎம்மிடம் ஏற்கெனவே கையடக்கமாக ஒன்று இருந்தது. அட்டையில் ஓட்டைகளின் ஓரம் முன்கூட்டியே கீறப்பட்டிருக்கும். குச்சியால் குத்தினால் அந்தத் துண்டு விழுந்துவிடும். கிடங்கில் சரக்குக் கணக்கு எடுக்கிற மாதிரி வேலைகளுக்கானது. ஹாரிஸ் அதன்மேல் வேட்பாளர் பெயர்கள் உள்ள ஒரு புத்தகத்தைப் பொருத்தினார். பெயருக்கு எதிரே குத்து, கீழே இருக்கிற அட்டையில் ஓட்டை விழும், கம்ப்யூட்டர் எண்ணும். வோட்டோமாட்டிக் என்று பெயர். 1964-ல் ஜார்ஜியா மாநிலத்தின் ஃபுல்டன், டிகால்ப் கவுண்டிகளில் முதலில் பயன்படுத்தினார்கள். (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி.) 1965-ல் ஐபிஎம் அதை வாங்கியது. தகராறுகள் வர ஆரம்பித்ததும் 1969-ல் கைகழுவிவிட்டது. ஆனால் இயந்திரம் மலிவு. தூக்கிக்கொண்டு போக வசதி. நாடு முழுக்கப் பரவிவிட்டது. 2000-ல் அமெரிக்க வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் குத்தித்தான் ஓட்டுப் போட்டார்கள்.

கைபழகிய குமாஸ்தாவின் வேலையை, இரண்டு வருடத்துக்கோ நான்கு வருடத்துக்கோ ஒருமுறை வருகிற எண்பது வயதுத் தாத்தாவிடம் கொடுத்தாயிற்று. அதைவிட முக்கியம், அந்த அட்டையில் வேட்பாளர் பெயரே கிடையாது. வெறும் எண்கள். குத்திவிட்டு அட்டையை உருவி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாலும், நான் போட நினைத்தவருக்குத்தான் போட்டேனா என்று போட்டவருக்கே தெரியாது.

2000 நவம்பர் 7. அப்போது நான் புனேக்கு வந்து ஒரு வருடம். ஆறு பேர் சேர்ந்து அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்காக ஆர்டர் பதிகிற திரைகள் செய்துகொண்டிருந்தோம். அவர்களுக்கு ராத்திரி, நமக்குப் பகல். காலையில் பல் தேய்க்கும்போது ஃப்ளோரிடா அல் கோருக்கு என்றார்கள் டிவியில். ஆபீஸ் பஸ் ஏறுவதற்குள் அதை வாபஸ் வாங்கினார்கள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரத்தில் ஜார்ஜ் புஷ் ஜெயித்துவிட்டார் என்று வந்தது. மூன்று மணி டீக்குள் அதுவும் வாபஸ். கோர் புஷ்ஷைக் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லி, பிறகு மறுபடி கூப்பிட்டு வாழ்த்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இவர்கள்தான் உலகத்துக்கு ஜனநாயகம் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

கிட்டத்தட்ட 60 லட்சம் ஓட்டில் வித்தியாசம் முதலில் 1,784. இயந்திரத்தில் மறுபடி ஓட்டியதும் சில நூறு. கடைசியில் அதிகாரப்பூர்வமாக 537. புஷ் 29,12,790, கோர் 29,12,253. ஃப்ளோரிடா யாருக்கோ அவருக்கே வெள்ளை மாளிகை.

பாம் பீச் கவுண்டியில் நடந்ததுதான் எனக்கு இன்றுவரை உறுத்துவது. அங்கே வயதானவர்கள் அதிகம். வேட்பாளர்கள் பத்துப் பேர். எல்லாரையும் ஒரே பக்கத்தில் போட்டால் எழுத்து பொடியாகிவிடும் என்று நினைத்த தேர்தல் அதிகாரி, நல்ல எண்ணத்தோடு எழுத்தைப் பெரிதாக்கி, பெயர்களை இடப்பக்கமும் வலப்பக்கமுமாகப் பிரித்துவிட்டார். நடுவில் ஒரே வரிசையில் ஓட்டைகள். பட்டாம்பூச்சி மாதிரி. இடப்பக்கம் முதலில் புஷ், இரண்டாவது கோர். ஆனால் நடு வரிசையில் இரண்டாவது ஓட்டை கோருக்கு இல்லை. அது வலப்பக்கம் முதலில் இருந்த பேட் புக்கானனுக்கு. கோருக்கு மூன்றாவது.

கவனமாக அம்புக்குறியைப் பார்த்தால் புரியும். ஆனால் யார் பார்க்கிறார்கள்? "என் ஆள் இரண்டாவது, இரண்டாவதைக் குத்து" என்றுதான் கை போகும். புக்கானன் தீவிர வலதுசாரி. யூத முதியவர்கள் நிறைய இருந்த பாம் பீச்சில் அவருக்கு 3,400-க்கும் மேல் ஓட்டு. அதைவிடப் பெரிய பக்கத்துக் கவுண்டிகளில் ஆயிரம்கூட இல்லை. "இதெல்லாம் எனக்கு விழுந்த ஓட்டாக இருக்காது" என்ற அர்த்தத்தில் புக்கானனே டிவியில் சொன்னார். அரசியல்வாதி ஒருவர், கிடைத்த ஓட்டு தன்னுடையதில்லை என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். தப்பு என்று தெரிந்து இரண்டாவதாகவும் ஒன்றைக் குத்தியவர்கள் 19,000 பேருக்கு மேல். இரட்டை ஓட்டு என்று எல்லாம் செல்லாமல் போயின.

(நம்மூரில் 1996-ல் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் நின்று, ஓட்டுச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்தார்கள். பாவம், அதில் தன் சின்னத்தைத் தேடிய ஈரோட்டுப் பாட்டிகள்!)

அடுத்தது சாட். புனேக்காரர்கள் ஆசைப்பட வேண்டாம், சேவ் பூரி இல்லை. அட்டையில் குத்தும்போது விழ வேண்டிய அந்தப் பொடித் துண்டுக்குப் பெயர் சாட். அது முழுசாக விழாவிட்டால் இயந்திரம் ஓட்டையைப் பார்க்காது. ஒரு மூலையில் தொங்குவது, இரண்டு மூலையில் ஊசலாடுவது, மூன்று மூலையில் ஒட்டியிருப்பது, எங்கேயும் பிய்யாமல் வெறுமனே புடைத்திருப்பது என்று நான்கு ஜாதி. புடைத்ததற்குக் 'கர்ப்பிணி சாட்' என்று பெயர் வைத்தார்கள். எது ஓட்டு, எது ஓட்டு இல்லை? கவுண்டிக்குக் கவுண்டி, மேஜைக்கு மேஜை விதி மாறியது. ப்ரோவார்ட் கவுண்டி நீதிபதி ஒருவர் பூதக்கண்ணாடிக்குப் பின்னால் கண் பிதுங்க அட்டையை உற்றுப் பார்க்கிற போட்டோ உலகம் முழுக்க வந்தது. எங்கள் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் அதை ஒட்டி, கீழே "டெஸ்டிங் டீம்" என்று எழுதி வைத்தது வேறு யாருமில்லை, நான்தான் :-)

அப்போது எல்லோரும் சொன்னது, "ஒழுங்காக ஒரு ஓட்டை போடத் தெரியாதவர்கள் ஏன் ஓட்டுப் போட வருகிறார்கள்?" நானும் சொன்னேன். பிறகுதான் மெல்ல மெல்லப் படித்தேன். முன்கீறல் போட்ட அட்டைகளைத் தேர்தலில் பயன்படுத்துவதையே நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க அரசின் தேசியத் தர நிர்ணய அமைப்புக்காக ராய் சால்ட்மன் என்பவர் 1988-லேயே அறிக்கை எழுதியிருக்கிறார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு! 2000 டிசம்பரில் நடந்த வழக்கில் அந்த இயந்திரத்தை மேம்படுத்திய பொறியாளர் ஒருவரைப் புஷ் தரப்பு சாட்சியாக அழைத்தது. குறுக்கு விசாரணையில், விழுந்த துண்டுகள் உள்ளே சேர்ந்து அடைத்துக்கொண்டு அடுத்த ஓட்டைச் சரியாக விழவிடாமல் செய்யலாம் என்று அவரே முன்பு காப்புரிமை விண்ணப்பத்தில் எழுதியிருந்ததை எடுத்து நீட்டினார்கள். மிக நெருக்கமான தேர்தலில் கையால் எண்ண வேண்டியிருக்கும் என்றும் ஒப்புக்கொண்டார். அழைத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! இன்னொரு வேடிக்கை, புஷ் கவர்னராக இருந்த டெக்சாஸில் புடைப்பையும் ஓட்டாக எடுத்துக்கொள்ள இடம் தருகிற சட்டம் இருந்தது. கையெழுத்துப் போட்டவர் அவரே.

டிசம்பர் 8-ல் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் மாநிலம் முழுக்க, இயந்திரம் ஓட்டே இல்லை என்று ஒதுக்கிய அட்டைகளைக் கையால் எண்ணச் சொன்னது. மறுநாளே வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 12-ம் தேதி, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், எண்ணிக்கை அதோடு முடிந்தது. நாடு முழுக்கக் கோருக்கு 5 லட்சத்துக்கு மேல் அதிக ஓட்டு, ஆனால் மாநிலக் கணக்கில் புஷ் 271, கோர் 266. பிறகு பத்திரிகைகள் சேர்ந்து ஒதுக்கப்பட்ட 1,75,000 சீட்டுகளையும் பல்கலைக்கழக ஆய்வு நிறுவனம் ஒன்றை வைத்துப் பார்த்தன. 2001 நவம்பரில் வந்த முடிவு: நீதிமன்றம் சொன்ன அளவுக்கு மட்டும் எண்ணியிருந்தாலும் பெரும்பாலும் புஷ்தான், எல்லாவற்றையும் எண்ணியிருந்தால் கோர் மயிரிழையில் ஜெயித்திருக்கக்கூடும். இரண்டு கட்சிக்காரர்களும் தங்களுக்கு வேண்டிய பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்குச் சிரிப்பு நின்றது 2002-ல். நாங்கள் செய்த அந்த ஆர்டர் திரையில் 'சேமி' பட்டனையும் 'நீக்கு' பட்டனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். திரை அழகாக இருந்தது. வாடிக்கையாளரின் கிடங்கில் ஒரு வயதான அம்மாள் திரும்பத் திரும்ப ஆர்டர்களை நீக்கிவிடுகிறார் என்று புகார் வந்தது. ஒவ்வொரு முறையும் "பயனரின் தவறு, பயிற்சி தேவை" என்று எழுதிப் புகாரை மூடினேன். ஒன்பதோ பத்தோ தடவை. பிறகு ஒருநாள் அவரைப் பற்றிப் பேச்சே வரவில்லை. கேட்டதற்கு, அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். நான் அடுத்த வெர்ஷனில் பட்டனை நகர்த்திவிட்டேன். ஐந்து நிமிஷ வேலை. ஃப்ளோரிடாத் தாத்தா பாட்டிகளைப் பற்றி அதற்குப் பிறகு நான் ஜோக் அடித்ததில்லை.

அமெரிக்கர்கள் என்ன செய்தார்கள்? காகிதத்தால்தானே வம்பு, காகிதமே வேண்டாம் என்று போனார்கள். 2002 அக்டோபரில் ஒரு சட்டம் போட்டு, மாநிலங்களுக்குப் புது இயந்திரம் வாங்கக் கோடிக்கணக்கில் கொடுத்தார்கள். பல இடங்களில் ஏடிஎம் மாதிரி தொடுதிரை வந்தது. 2006-ல் அதே ஃப்ளோரிடாவின் சரசோட்டா கவுண்டியில், அந்தத் தொடுதிரையில் ஓட்டுப் போட்ட சுமார் 18,000 பேருக்கு எம்.பி. தேர்தலில் மட்டும் ஓட்டே பதிவாகவில்லை. ஜெயித்தவரின் வித்தியாசம் 369. (அவர் பெயரும் புக்கானன்தான், ஆனால் வேறு புக்கானன். ஃப்ளோரிடாவுக்கும் அந்தப் பெயருக்கும் ஏதோ ஜாதகம்.) மக்கள் வேண்டுமென்றே விட்டார்களா, திரையின் அமைப்பில் கண்ணில் படவில்லையா, இயந்திரக் கோளாறா? எடுத்துப் பார்க்க ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. பூதக்கண்ணாடி நீதிபதிக்காவது பார்க்க ஒரு அட்டை இருந்தது! 2007-ல் ஃப்ளோரிடா, வட்டத்தைப் பேனாவால் நிரப்புகிற காகிதச் சீட்டுக்குத் திரும்பியது.

வோட்டோமாட்டிக் முதலில் வந்த ஜார்ஜியாவும் இதே வழிதான். 2002-ல் மாநிலம் முழுக்கக் காகிதமில்லாத தொடுதிரை. 2020-ல் திரையில் தொட்டால் காகிதம் அச்சடித்துத் தருகிற இயந்திரம். வந்த அதே வருடம் அதற்கு வேலை வந்தது. ஜோ பைடன் ஜெயித்த வித்தியாசம் கடைசியில் 11,779. அதற்கு முன் ஏறத்தாழ 50 லட்சம் சீட்டுகளையும் கையால் எண்ணினார்கள். ஜெயித்தவர் மாறவில்லை. 2021 ஜனவரி 2-ம் தேதி டொனால்டு டிரம்ப் மாநில அதிகாரிக்குப் போன் போட்டு 11,780 ஓட்டு கண்டுபிடிக்க வேண்டும் என்று கேட்டார். அந்தப் பேச்சு பதிவாகி மறுநாளே வெளியில் வந்துவிட்டது. அன்றைக்கு அந்த அதிகாரியின் கையில் எண்ணி முடித்த காகிதம் இல்லாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் கதைக்கு வருகிறேன். நம் வாக்கு இயந்திரத்தை பெங்களூர் பெல் நிறுவனத்தில் வடிவமைத்த குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவர் நம் சுஜாதா. ஊரை விட்டு வந்து வேலை பார்க்கிற தமிழர்களில் பலருக்கு மனசுக்குள் ஒரு மானசீக வாத்தியார் உண்டென்றால் அவர்தான். இயந்திரம் முதலில் 1982-ல் கேரளத்தின் பரவூரில் ஐம்பது வாக்குச்சாவடிகளில் வந்தது. அங்கே நடந்தது சுஜாதா கதை மாதிரியே இருக்கும். இயந்திரமே வேண்டாம் என்று வழக்குப் போட்ட கம்யூனிஸ்ட் வேட்பாளர் 123 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற காங்கிரஸ்காரர் இயந்திரத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலை ரத்துசெய்ய, காகிதத்தில் மறுபடி ஓட்டுப் போட்டதில் காங்கிரஸ்காரர் ஜெயித்தார்! பிறகு சட்டம் திருத்தி, 2001-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முழுவதும் இயந்திரத்தில். 2004-ல் நாடு முழுவதும்.

அந்த 2001 மே 10-ம் தேதி நான் கும்பகோணத்தில் இருந்தேன். தங்கை கல்யாணத்துக்காகப் போட்ட லீவு. பட்டனை அழுத்தினேன், பீப் என்றது. பெயருக்கும் சின்னத்துக்கும் பக்கத்திலேயே பட்டன், இடம் வலம் என்று பட்டாம்பூச்சி வேலை ஒன்றும் இல்லை. பரவாயில்லையே நம் ஆட்கள் என்று பெருமையாக இருந்தது. ஆனால் அந்த பீப்பைத் தவிர வேறு சாட்சி இல்லை என்பது அன்றைக்குத் தோன்றவில்லை. சரசோட்டாவைப் படித்தபோது தோன்றியது. நமக்கு அந்தச் சீட்டு 2013-ல் நாகாலாந்தின் நொக்சென் இடைத்தேர்தலில் ஆரம்பித்து, 2019-ல் எல்லா இடத்துக்கும் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழும். பெயரும் சின்னமும் போட்ட சீட்டு. அதையெல்லாம் எண்ண வேண்டுமா, தொகுதிக்கு ஐந்து பூத் போதுமா என்ற சண்டை 2024-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. எல்லாவற்றையும் எண்ணத் தேவையில்லை என்றது நீதிமன்றம். என்னைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் கூட எண்ணலாம். இயந்திரத்தின்மேல் சந்தேகத்தால் இல்லை. சந்தேகப்படுகிறவனுக்குக் காட்ட ஒன்று வேண்டும்.

2019 ஏப்ரல் 18 சாயங்காலம் அம்மா போன் பண்ணினாள். "ஏண்டா, ஓட்டுப் போட்டதும் சீட்டு வந்துச்சு. கைய நீட்டுறதுக்குள்ள உள்ள விழுந்துடுச்சு. நான் எடுத்துக்கணுமோ?"

"இல்லம்மா, அது அப்படித்தான். பார்க்க மட்டும்தான்."

"ஏடிஎம்ல ஐநூறு ரூவா எடுத்தாக்கூட ரசீது குடுக்குறான். இதுக்குக் குடுத்தா என்னவாம்?"

நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்த எஞ்சினியர்களே கேட்பதுண்டு, போனில் பணம் அனுப்புகிறோம், ஓட்டுப் போட முடியாதா என்று. பேங்குக்கு நீங்கள் யார் என்று தெரியும், எவ்வளவு எடுத்தீர்கள் என்றும் தெரியும். தப்பு நடந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஓட்டில் நீங்கள் வந்தீர்கள் என்று மட்டும் தெரிய வேண்டும், யாருக்கு என்று கடவுளுக்குக்கூடத் தெரியக்கூடாது. ரசீது கொடுத்தால் அதைக் கொண்டுபோய் முனைக்கடையில் காட்டி மிச்சப் பணம் வாங்கலாம். 1888-க்கு முன் அமெரிக்காவில் கலர் கலராகச் சீட்டு தூக்கிக்கொண்டு போனார்களே, அதே இடத்துக்குத் திரும்பிவிடுவோம். அம்மாவிடம் இதைச் சொன்னதும் ஒரே விநாடியில் புரிந்துகொண்டாள். "ஓஹோ, அப்ப ரெண்டாயிரம் குடுத்தவன் வந்து ரசீதைக் காட்டுன்னுவான், அதானே?"

பிறகு அவளே, "நீ போட்டியா?" என்றாள்.

போடவில்லை. 2001-க்குப் பிறகு போடவே இல்லை. பெயர் கும்பகோணத்தில். ஆள் புனேயில். ஒவ்வொரு தேர்தலுக்கும் டிக்கெட் பார்ப்பேன், லீவு பார்ப்பேன், விட்டுவிடுவேன். இங்கே பெயரை மாற்றிக்கொள்ளலாம், மாற்ற வேண்டும் என்பதுதான் சட்டமும். ஆனால் மனசு வரவில்லை. நிலமில்லை, வாய்க்கால் இல்லை, ஊரில் எனக்கு என்று இருந்தது பட்டியலில் அந்த ஒரு வரிதான். உங்களில் பாதிப் பேர் இப்படித்தான் இருப்பீர்கள். 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம், வெளியூரில் இருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போடும் இயந்திரம் ஒன்றைச் செய்திருப்பதாக அறிவித்தது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள் வரை. ஆசையாகக் காத்திருந்தேன். 2023 ஜனவரியில் கட்சிகளுக்குச் செய்துகாட்ட முயன்றபோது எதிர்க்கட்சிகள் ஆயிரம் கேள்வி கேட்டன. 2024 தேர்தலுக்கு அது வரவில்லை. ஃப்ளோரிடா கதை தெரிந்தவனுக்கு அந்தக் கேள்விகளில் பாதி நியாயமாகவே பட்டது. புனேயில் குத்திய பட்டன் கும்பகோணத்தில் யார் கணக்கில் விழுந்தது என்று எந்த ஊர் ஏஜென்ட் எங்கே உட்கார்ந்து பார்ப்பார்?

மகளுக்குப் பதினெட்டு ஆனதும் பெயர் சேர்க்கப் படிவம் எடுத்தாள். இரண்டாவது படிவம் ஒன்றையும் எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நிரப்பினேன். 2024 மே 13, கோத்ருடில் ஒரு பள்ளிக்கூடத்தில், இருபத்து மூன்று வருடம் கழித்துப் பட்டனை அழுத்தினேன். ஏழு விநாடியும் கண் கொட்டாமல் பார்த்தேன். மராத்தியில் பெயர், சின்னம், பிறகு சீட்டு விழுந்தது. வெளியே வந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அங்கயா போட்டே? அப்ப இங்க பேரை எடுத்துட்டாங்களா?"

"எடுத்திருப்பாங்கம்மா. நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி விடு. ரேஷன் கார்டுலயிருந்து மட்டும் எடுத்துடாதே" என்றாள். அதிலிருந்து எடுத்துப் பல வருடம் ஆயிற்று என்று நான் இன்னும் சொல்லவில்லை.

பஞ்ச் கார்டை மறுபடி ஃபோர்ட்ரான் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் பென்சிலில் அம்மாவின் கையெழுத்து: புளி 1 கிலோ, மிளகாய் அரை கிலோ, சீரகம் 100.